ஊர் சுற்றிப் படமெடுத்த உத்தியோகம்

சென்னையை ஒட்டிய இரும்புலியூரைக் கடந்து தெற்கே ஓடும் ஜி.எஸ்.டி. சாலையில், மார்கழி தை மாதங்களில், விடியுமுன்பே தோளில் காமிராப் பையுடன் வேடந்தாங்கலுக்கோ செஞ்சிக்கோ புறப்படும் இளைஞர்களைக் காணலாம்; அவர்களில் பலருக்கு ஏரியும் மலையும் அபிமானத்துக்கு, ஜீவனத்துக்கோ முகூர்த்த நாளும் கல்யாண மண்டபமுமே கதி. ஆனால் ஊர் ஊராகச் சுற்றிப் படமெடுப்பதையே ஒருவருக்கு உத்தியோகமாகக் கொடுத்துச் சம்பளமும் அளித்த காலம் ஒன்று சென்னை ராஜதானியில் இருந்தது.

அந்த உத்தியோகத்தை வகித்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி. 1855இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடு போய்ப் படமெடுத்துக் கீர்த்தி பெற்றிருந்த அவரை, மறு ஆண்டே சென்னை சர்க்கார் தன் புகைப்படக்காரராக நியமித்தது. வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காதிருந்த 1857 டிசம்பரில், மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து புறப்பட்ட டிரைப், இராயக்கோட்டை, சேலம், ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி, 1858இல் சென்னை வந்து சேர்ந்தார்.

அப்போது கண்ணாடித் தகடு பரவி வந்ததாயினும், மருந்தின் ஈரம் உலருமுன் அதை அந்த இடத்திலேயே கழுவியாக வேண்டியிருந்தபடியால், முன்கூட்டியே தயாரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொள்ளக்கூடிய மெழுகூட்டிய காகிதத்தையே அவர் பிரயாணத்துக்கு உகந்ததாகக் கொண்டார். அந்தக் காகிதம் மகா மந்தமானது. நிமிஷக்கணக்கில் வெளிச்சம் கேட்கும். கோபுரம் அசையாது நிற்க, வாசலில் நடமாடியவர்கள் படத்தில் விழாமலே போனார்கள். வானமோ வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே நெகடிவின் மேல் தூரிகையால் வர்ணம் தீட்டி மேகங்களை அவரே உண்டாக்கினார். கம்ப்யூட்டரில் வானத்தை மாற்றும் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெரியவர்கள் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

அவருடைய பிரயாசைகளில் தலையாயது தஞ்சையில் நடந்தது. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் சாசனத்தை, காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அந்தக் கோயிலின் சாசனங்களைக் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் அச்சிட்டு வெளியிடத் தொடங்கியது அதற்கு 30 ஆண்டுகளுக்கும் பின்னர்தான்.

இவ்வளவு சிரத்தையோடு நடந்த காரியத்தை, 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருக்கும் நிலைக்கு இது ஆடம்பரம் என்று கருதி நிறுத்திவிட்டார். கலகத்துக்குப் பிந்திய சிக்கனம் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது குறுகிய நோக்காகவே படுகிறது. 1860களின் பிற்பகுதியில் லயன் என்பவரைக் கொண்டு கோயில்களைப் படமெடுக்கச் செய்தார்களாயினும், அது எடுத்த காரியத்துக்கான ஏற்பாடேயன்றி நிலையான உத்தியோகமன்று. பிறகு மவுண்ட் ரோட்டில் வீலே அண்டு கிளைன் முதலிய ஸ்டூடியோக்கள், துரைமார்களையும் ஜமீன்தார்களையும் நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுத்துச் சம்பாதித்ததோடு, கோயில், கடற்கரைக் காட்சிகளையும் விற்றன. முகம் சோறு போட, நிலம் ஆசைக்கு நின்ற வழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது.

தமிழரில் ஜீவனத்தையும் ஆசையையும் ஒன்றாக்க முயன்றவர் என்று கோட்டையூர் ஏ. கே. செட்டியாரைச் சொல்ல வேண்டும். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்று, கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து திரட்டிய படச்சுருள்களைக் கொண்டு 1940இல் காந்தியடிகளைப் பற்றிய படத்தை வெளியிட்ட அவருக்கு, எந்தச் சர்க்காரும் சம்பளம் கொடுக்கவில்லை.

டிரைப்பின் படங்கள் இன்றும் ஆராய்ச்சிக்கு உதவுவதற்கு அழகு மட்டும் காரணமன்று. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, இன்ன இடம் என்றும் அவர் குறித்து வைத்தார். இரும்புலியூர் ஏரியையும் வண்டலூர் மலையையும் படமெடுக்கும் அன்பர்களும், பரணில் பழைய ஆல்பம் வைத்திருக்கும் வீட்டாரும், ஒவ்வொரு படத்தின் பின்னும் ஊரையும் தேதியையும் தயவுசெய்து எழுதி வையுங்கள்.