ஆணையும் அனுபவமும்: நெய்யாற்றின்கரை கூறும் வரலாறு



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் இருப்புப்பாதையில் பாறசாலையைக் கடந்ததும் கேரளத்தின் தென்னெல்லை முடிவுறுகிறது. அதற்குத் தென்மேற்கே, கடற்கரை வரை பரந்து கிடப்பது குளத்தூர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டமும் வேண்டுமென்ற தமிழர் கோரிக்கை நிறைவேறவில்லை. எனவே அவ்வட்டத்தைச் சேர்ந்த குளத்தூர் கேரளத்தில் நின்றுவிட்டது. அன்று முதல் எல்லையின் இருபுறத்து மக்களும் இரு அரசுகளின் குடிகளாயினர். ஆயினும் அவர்களுடைய பழைய துன்பங்களின் வரலாறு ஒன்றே.

சேமநல அரசு என்பதை மேலிருந்து வழங்கப்படும் கொடையாகவே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். நெய்யாற்றின்கரையின் வரலாறோ வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ஆம் ஆண்டிலேயே அரச விளம்பரத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலை பெற்றோர் பொதுச்சாலையில் நடக்கவும், சந்தைக்குச் செல்லவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் இயலாத நிலை மேலும் பல்லாண்டுகள் நீடித்தது. சட்டம் வந்தது, அதைச் செயலாக்கத்தான் ஆளில்லை.

அக்குறையை நீக்க முன்வந்தவர் இதே வட்டத்து வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி. புலையர் குலத்தில் தோன்றிய அவர் எழுத்தறியாதவர். 1893-இல் வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, தம்மவருக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதைத் தாமே ஓட்டிச் சென்றார். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் வழக்குகளைத் தீர்த்தது. கல்விக்கு வழி தேடியது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென உழவுத் தொழிலாளரைக் கேட்கச் செய்தது. சமூகப் பணி என்ற சொல் வழக்கில் பரவுமுன்னரே நடந்த சமூகப் பணி இது.

திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியில் (1907–1914) ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்க ஆணை பிறந்தது. அவ்வாணையை நம்பி, பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி அழைத்துச் சென்றார். எதிர்த்தோர் பள்ளிக்கே தீ வைத்தனர். பள்ளிகள் திறவாதவரை வயலில் இறங்குவதில்லை என உழவுத் தொழிலாளர் உறுதி பூண்டனர். அவ்வேலை நிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. பசியைப் பொறுத்து அவர்கள் கேட்டது கூலி மட்டுமன்று, எழுத்தும் ஆகும். அன்று எரிந்த அப்பள்ளிக்கு 2022-இல் அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பெற்றது.

ஸ்ரீமூலம் பிரஜா சபையில் 1912-இல் அமர்ந்த அய்யன்காளி, நிலமற்றோர்க்குப் புதுவல் நிலம் வழங்குமாறு வேண்டினார். இவ்வேண்டுகோள் முழுமையாக நிறைவேறியதா? 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகையாளரை நிலவுடைமையாளர் ஆக்கியது. ஊராட்சிப் பகுதிகளில் குடிசைவாசிகளுக்குப் பத்து சென்ட் வரை மனையுரிமை தந்தது. இது பெருஞ்செயலே, ஐயமில்லை. எனினும் தலைமுறை தலைமுறையாக வயலில் உழைத்தோர் பெரும்பாலோர்க்குக் கிட்டியது மனை மட்டுமே, வயல் அன்று. குளத்தூர் ஊராட்சியைச் சேர்ந்த பொழியூர் மீனவர்க்கோ உழுநிலம் என்பதே இல்லை. இருந்த வீட்டையும் கடல் அரித்துச் செல்லக் கண்டவர் அவர்களுள் உளர்.

கல்வியிலும் உடல்நலத்திலும் இந்தியாவின் முன்னணியில் நிற்பது கேரளம். 2021-இல் தொடங்கிய திட்டத்தின்படி மிக்க வறுமையில் உழன்ற 64,006 குடும்பங்களை அம்மாநில அரசு கண்டறிந்தது. 2025 நவம்பர் 1-இல் அத்தகைய வறுமை நீங்கியதென அறிவித்தது. எந்த அளவுகோலால் இது கணிக்கப்பட்டது என அறிஞர் சிலர் வினவினர். இரண்டையும் ஒருசேர நோக்குவதே நடுவுநிலைமை. சராசரிக் கணக்கு உயரும்போது அதன் அடியில் கிடப்போர் கண்ணில் படாது போதல் கூடும்.

சொற்களை மொழிபெயர்க்கும் தொழிலில் உள்ள நமக்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளைக் குறித்த 'காலனி' என்னும் சொல்லை 2024 சூனில் கேரளம் விலக்கியது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக அறிவித்தது. எல்லையின் இருபுறமும் பெயர் மாறுகிறது. நிலமும் மதிப்பும் அதனைத் தொடர வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களே! நீங்கள் உள்ள நகரிலும் உரிமைகள் ஏட்டில் இருக்கும். அவற்றை அறியாது, ஆவணமும் இன்றிக் கூலி வேலைக்கு வந்து சேரும் நம்மவர் பலர். உங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா எடுப்பதோடு அமையாமல், அவர்களுள் ஒருவரின் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் துணை நிற்குமாயின், வெங்ஙானூரில் தொடங்கிய பணியை அது தொடர்வதாகும்.