தற்காப்புத் துறையில் சீனியர் சிஸ்டம்ஸ் இன்ஜினியர்: என்ன வேலை, யார் போகலாம்?

ஜொகூரில் ராணுவம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சீருடைதான். உலு திராமில் தரைப்படையின் போர்ப் பயிற்சி மையமான புலாடா இருக்கிறது. குளுவாங்கில் தரைப்படையின் ஹெலிகாப்டர் பிரிவு இருக்கிறது. தஞ்சோங் பெங்கெலேயில் கடற்படையில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. நம் பிள்ளைகளில் சிலர் இந்த முகாம்களுக்குள் வீரர்களாகப் போயிருக்கிறார்கள்.

சீருடை அணியாமலும் இத்துறையில் பெரிய பொறுப்பு வகிக்கலாம். அப்படிப்பட்ட வேலைகளில் ஒன்று சீனியர் சிஸ்டம்ஸ் இன்ஜினியர். வேலை விளம்பரங்களில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேறு வேலை.

சிஸ்டம் என்றால் என்ன?

செம்பனை ஆலையைத் தெரிந்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். லாரியில் வரும் குலைகள் எடை போடப்படுகின்றன, நீராவியில் அவிக்கப்படுகின்றன, பழம் பிரிக்கப்பட்டு எண்ணெய் பிழியப்படுகிறது. பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் ஓடும் பாய்லருக்கு எரிபொருளாகின்றன. அந்தப் பாய்லரின் நீராவிதான் அடுத்த குலையை அவிக்கிறது, ஆலைக்கு மின்சாரமும் தருகிறது. ஓர் இடத்தில் நின்றால் எல்லாம் நிற்கும்.

பாய்லரை அறிந்தவர் ஒருவர், பிழியும் இயந்திரத்தை அறிந்தவர் ஒருவர், மின்சாரத்தை அறிந்தவர் ஒருவர் என்று ஆலையில் ஆள் இருப்பார்கள். நீராவி அழுத்தம் பாதியாகக் குறைந்தால் மற்ற இயந்திரங்கள் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்கவும் ஒருவர் வேண்டும். சிஸ்டம்ஸ் இன்ஜினியர் அந்தக் கேள்வியைக் கேட்பவர். ஒவ்வொரு பாகத்தையும் அவரே செய்வதில்லை. பாகமும் பாகமும் சேரும் இடங்களுக்கு அவர் பொறுப்பாளி.

ஒரு போர்க்கப்பலில் இயந்திரம் ஒரு நாட்டிலிருந்து வரும், ரேடார் இன்னொரு நாட்டிலிருந்து வரும், ஏவுகணை வேறொரு நிறுவனத்துடையதாக இருக்கும். ரேடார் பார்த்ததை ஏவுகணை புரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் போதுமா, கப்பலின் எடை தாங்குமா, மாலுமிக்குத் திரையில் தெரிவது சரியா என்பதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து இணைத்துப் பார்க்கவில்லை என்றால், தனித்தனியாக நல்ல பொருள்களை வாங்கியும் கப்பல் போருக்கு உதவாது.

1942இல் ஜொகூர் கண்ட பாடம்

அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு இப்படி ஒரு பெயர் இல்லை. ஆனால், இந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஜொகூர் நேரில் பார்த்தது.

1935இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்கு ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 5 லட்சம் பவுன் அன்பளிப்புக் கொடுத்தார். அதன் பெரும்பகுதி சிங்கப்பூரின் தற்காப்புக்குச் செலவானது. சாங்கியில் நிறுவப்பட்ட மூன்று 15 அங்குலப் பீரங்கிகளுக்கு ஜொகூர் பேட்டரி என்று பெயர் வந்தது அதனால்தான். கடல் வழியாக வரும் போர்க்கப்பலை 30 கிலோமீட்டருக்கு அப்பாலேயே அடிக்கும் வல்லமை அவற்றுக்கு இருந்தது.

அந்தப் பீரங்கிகள் கடலை மட்டுமே பார்த்தன, திரும்பவே முடியவில்லை என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. அது உண்மையல்ல. 1942 பிப்ரவரியில் ஜொகூர் பேட்டரி நிலத்தை நோக்கித் திரும்பிச் சுட்டது. ஆனால், அதற்குக் கொடுக்கப்பட்டிருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் தடித்த இரும்பைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்டவை. தரையில் விழுந்தபோது அவை ஆழமாகப் புதைந்த பிறகே வெடித்தன. காலாட்படைக்கு எதிராக அவற்றால் பெரிய பயன் இல்லை. பீரங்கியிலும் குறையில்லை, குண்டிலும் குறையில்லை. பகைவன் ஜொகூர் வழியாக வந்தால் எந்தக் குண்டு வேண்டும் என்ற கேள்வி மட்டும் போதிய அளவு கேட்கப்படவில்லை.

அதே ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், ஜொகூர் எல்லையை ஒட்டி, கெமாஸ் அருகிலுள்ள கெமென்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்தார்கள். சைக்கிளில் வந்த ஜப்பானியப் படையில் ஒரு பகுதியைக் கடக்கவிட்டுப் பாலத்தைத் தகர்த்தார்கள். பதுங்கித் தாக்கியது வெற்றிதான். பின்னால் இருந்த பீரங்கிப் படையும் தயாராகவே இருந்தது. ஆனால், இடையில் போடப்பட்டிருந்த தொலைபேசிக் கம்பியை ஏற்கெனவே கடந்துபோன ஜப்பானியர்கள் துண்டித்துவிட்டார்கள். அழைப்பு போகவில்லை, பீரங்கியின் உதவியும் கிடைக்கவில்லை.

ஜனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய படை ஜொகூர் பாலத்தைத் தகர்த்தது. குனோங் பூலாயிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிநீர் கொண்டுசென்ற குழாயும் அந்தப் பாலத்தின் மேல்தான் போனது. பகைவனின் பாதையை அடைத்த அதே வெடியில் நகரின் தண்ணீரில் ஒரு பங்கும் போனது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம்.

தோல்விக்கு வேறு பெரிய காரணங்களும் இருந்தன. விமானப் பலம் குறைவு, கப்பற்படை போதவில்லை. ஆனால் குண்டு, கம்பி, குழாய் ஆகிய மூன்றிலும் கோளாறு பாகத்தில் இல்லை. பாகங்கள் சேரும் இடத்தில் இருந்தது.

ஒரு சொல் தெளிவாக இல்லாததால் 28 உயிர்

கணினி வந்த பிறகு இந்த ஆபத்து குறையவில்லை. 1991 பிப்ரவரி 25ஆம் நாள், வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் டாஹ்ரான் நகரில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் மீது ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் ஏவுகணை அமைப்பு அங்கே இயங்கிக்கொண்டுதான் இருந்தது.

அதன் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடியாக எண்ணியது. அந்த எண்ணைக் கணினி மொழிக்கு மாற்றும்போது மிகச் சிறிய பிழை ஏற்பட்டது. ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பிழை வளர்ந்தது. சுமார் 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியபோது அது விநாடியில் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஸ்கட் அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ஆகவே பேட்ரியட் தவறான இடத்தில் தேடியது.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. கோளாறு முன்பே தெரிந்திருந்தது. மிக நீண்ட நேரம் ஓடவிட்டால் பிழை வரலாம் என்று படைப்பிரிவுகளுக்குச் செய்தியும் போனது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி நேரம் என்று அதில் சொல்லப்படவில்லை. திருத்திய மென்பொருள் டாஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று எண்ணோடு ஒரு வரி எழுதியிருந்தால் நிலைமை மாறியிருக்கலாம். அந்த ஒரு வரியைத் தெளிவாக எழுதுவதுதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரின் தொழில்.

சீனியர் ஆனால் என்ன மாறும்?

புதிதாகச் சேர்பவர் பட்டியல் எழுதுவார், சோதனை செய்வார், முடிவுகளைப் பதிவார். படையினர் வாயால் சொல்லும் தேவையை அளக்கக்கூடிய வாக்கியமாக மாற்றுவது முதல் படி. ரேடார் தூரத்தில் வருவதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினால் போதாது. எவ்வளவு பெரிய பொருளை, எத்தனை கிலோமீட்டரில், எந்த மழையில் பார்க்க வேண்டும் என்று எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை வைக்க வேண்டும்.

சீனியர் அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பு ஏற்பவர். ஒரு பாகத்தை மாற்றினால் மற்ற எதெல்லாம் மாறும் என்று சொல்ல வேண்டியவர் அவர். வடிவமைப்புக் கூட்டத்தில், இது இன்னும் தயாராகவில்லை என்று மேலதிகாரியின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவரும் அவர்தான். இந்தத் துணிவு இல்லாதவருக்கு எவ்வளவு படிப்பு இருந்தும் பயனில்லை.

ராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் இந்தப் பாரத்தைச் சுமந்தவர். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் அவர் தலைமையில் எஸ்எல்வி-3 ராக்கெட் புறப்படவிருந்தபோது, கோளாறு இருப்பதாகக் கணினி நிறுத்தியது. நிபுணர்கள் போகலாம் என்றார்கள், கலாம் அனுமதி கொடுத்தார், ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு, 1980 ஜூலை 18ஆம் நாள் அதே வகை ராக்கெட் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. பின்னர் இந்தியாவின் ஏவுகணைத் திட்டமும் அவர் தலைமையில் நடந்தது.

மலேசியாவுக்கு இந்த வேலை ஏன் தேவை?

கரையோரப் போர்க்கப்பல் திட்டத்தை நாளேடு வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 6 கப்பல்கள், 900 கோடி ரிங்கிட்டுக்கு மேல். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டபோது 600 கோடி ரிங்கிட்டுக்கு மேல் செலுத்தப்பட்டிருந்தது. ஒரு கப்பல்கூட முடியவில்லை. கப்பலைப் பயன்படுத்தப்போகும் கடற்படையின் கருத்து ஏற்கப்படவில்லை என்பதும், விரிவான வடிவமைப்பு முடிவதற்கு முன்பே வேலைகள் நடந்தன என்பதும் அந்த அறிக்கை சுட்டிய குறைகள். 2023இல் கப்பல்களின் எண்ணிக்கை 5 ஆகக் குறைந்தது, செலவோ 1,100 கோடி ரிங்கிட்டைத் தாண்டியது.

பணம், நிர்வாகம், அரசியல் என்று அதில் பல சிக்கல்கள். ஆனால், பயன்படுத்துபவரின் தேவையை முதலில் கேள், வடிவமைப்பை முடி, பிறகு வாங்கு என்பது சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்கின் முதல் பாடம். அந்த வரிசை தவறினால் செலவு மக்களின் வரிப்பணத்தில்தான் ஏறும்.

போகும் வழி

எஸ்பிஎம்மில் கூடுதல் கணிதமும் பௌதிகமும் அடிப்படை. அதன்பின் மெட்ரிகுலேஷன், எஸ்டிபிஎம் அல்லது டிப்ளோமா வழியாகப் பொறியியல் பட்டப்படிப்புக்குப் போகலாம். மின்னியல், இயந்திரவியல், விமானவியல், கப்பல் கட்டுமானம், கணினி ஆகிய எந்தப் பிரிவிலிருந்தும் இந்த வேலைக்கு வர முடியும். சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் என்ற பெயரிலேயே பட்டம் வேண்டியதில்லை.

ஜொகூர் பிள்ளைகள் தூரம் போக வேண்டியதில்லை. ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கப்பல் மாதிரிகளை நீர்த்தொட்டியில் இழுத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடமும் அங்கே உண்டு. பத்து பகாட் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோலாலம்பூர் சுங்கை பெசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் ராணுவப் பயிற்சி மாணவர்களோடு பொது மாணவர்களும் படிக்கலாம்.

பட்டம் பெற்றவுடன் மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிந்துகொள்வது நல்லது. அனைத்துலக சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் மன்றம் தரும் சான்றிதழ், அனுபவம் சேர்ந்த பிறகு கைகொடுக்கும். மொழியையும் அலட்சியம் செய்யக் கூடாது. அரசாங்கக் கடிதங்கள் மலாயில் இருக்கும், தொழில்நுட்ப ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இரண்டிலும் சந்தேகமில்லாமல் எழுதத் தெரிய வேண்டும்.

முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

தற்காப்பு வேலைகளுக்குப் பின்னணிச் சோதனை உண்டு. குற்றப் பதிவு, கடன் தொல்லை போன்றவை தடையாகலாம். பல பணிகளுக்கு அந்தந்த நாட்டுக் குடியுரிமையும் கேட்பார்கள். ஆகவே, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மவர்கள், அங்கே உள்ள தற்காப்புப் பணிக்கு மனுச் செய்யுமுன் இந்த நிபந்தனையைப் பார்த்துக்கொள்வது நல்லது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இருக்கிறது. செய்த வேலையை வீட்டில்கூட முழுதாகச் சொல்ல முடியாது.

மனச்சாட்சி பற்றிய கேள்வியும் உண்டு. இந்தத் துறையில் செய்யப்படும் பொருள் உயிரைக் காக்கும், உயிரை எடுக்கவும் செய்யும். அதை ஏற்க மனமில்லாதவருக்கு இதே திறமையோடு ரயில், மின்சாரம், மருத்துவக் கருவி போன்ற துறைகளில் வேலை இருக்கிறது. பெற்றோர் கட்டாயப்படுத்தி அனுப்பும் வேலை அல்ல இது.

பிள்ளை இந்த வழிக்கு ஏற்றவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மோட்டாரைப் பிரித்து மாட்டுவதில் ஆர்வம் இருந்தால் நல்லதுதான். எதைச் சொன்னாலும் இது போனால் அடுத்து என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கேள்வியை வீட்டில் அடக்காமல் வளர விடுவதே பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவி. படிவம் மூன்று முடித்துப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் இந்த வேலையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவைக்கலாம்.