பூனைக்கு வேலைக்காரன் உண்டா?

ஊரிலிருந்து உங்கள் அக்கா மகன் முதல் தடவையாகச் சென்னைக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த அரைமணி நேரத்தில் ஆரம்பித்துவிடுவான். ‘‘ஏன் மாமா, குடிக்கிற தண்ணியக்கூடக் காசு குடுத்தா வாங்குறீங்க? பக்கத்து வீட்டுக்காரர் பேரு நிஜமாவே தெரியாதா?’’ நமக்குச் சுருக்கென்று கோபம் வரும். ‘பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்த மாதிரி’ என்று கிண்டல் செய்துவிட்டுத் தப்பித்துக்கொள்வோம். ஆனால், பையன் கேட்டதில் என்ன தப்பு? நமக்குப் பழகிப்போய் மறைந்துவிட்டது அவன் கண்ணில் பளிச்சென்று படுகிறது. அவ்வளவுதான்!

இப்படிக் கேள்வி கேட்டுத் துளைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர் ஜூலியா. கணவர் ஜேம்ஸ் தாமஸ் கம்பெனி உத்தியோகஸ்தர். 1836 கடைசியில் இருவரும் மதராஸில் வந்து இறங்கினார்கள்.

‘இறங்கினார்கள்’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அப்போது மதராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நின்றுவிடும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகில் ஏறி, அலையில் குதித்துக் குதித்துத்தான் கரை சேர வேண்டும். மகாராணியே வந்தாலும் இதே கதிதான்!

கரைக்கு வந்த ஜூலியாவை அசத்தியது வேலைக்காரர்களின் எண்ணிக்கை. ஒருவர் வேலையை இன்னொருவர் தொடமாட்டார். ஒவ்வொரு குதிரைக்கும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அதற்குப் புல் அறுத்துப் போட ஒரு பெண். நாய்க்குத் தனியாக ஒரு பையன். ஜூலியா விடவில்லை. ‘சரி, பூனைக்கு யார்?’ என்று விசாரித்திருக்கிறார். யாரும் இல்லையாம், பூனை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறதாம். வீட்டிலேயே அந்தத் திறமை உள்ள ஒரே ஜீவன் அதுதான் என்று தோன்றியதால், பூனையிடம் தனக்குத் தனி மரியாதை வந்துவிட்டதாகக் கடிதத்தில் எழுதினார். கவனியுங்கள்... இந்தக் கிண்டலில் வேலைக்காரர்கள் மட்டும் சிக்கவில்லை. எஜமானர்களும், ஏன், ஜூலியாவுமே சிக்கிக்கொள்கிறார்கள்!

இன்னொரு சம்பவம் சிரிப்போடு முடியவில்லை. இங்கே இருந்த ஓர் ஆங்கிலேய மாதிடம், ‘இந்த நாட்டையும் ஜனங்களையும் பற்றி என்ன பார்த்தீர்கள்?’ என்று கேட்டார் ஜூலியா. ஒன்றும் பார்க்கவில்லை, கடவுள் புண்ணியத்தில் எதுவும் தெரியாது, எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது என்று பதில் வந்தது! ஜூலியா அப்படி இருக்கவில்லை. பிறகு கணவருக்கு ராஜமுந்திரியில் வேலை அமைந்தபோது, அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏற்படுத்துவதில் இறங்கினார். அவருடைய கடிதங்கள் 1843-ல் லண்டனில், ஆசிரியர் பெயர் இல்லாமல் ‘ஒரு சீமாட்டி’ என்ற அடையாளத்தோடு புத்தகமாக வந்தன.

அதெல்லாம் சரி, ஜூலியாவுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அதிகாரியின் மனைவி. ராத்திரி எங்கே படுப்பது என்ற கவலை இல்லை. கடல் வழியாக வராமல், பக்கத்து ஜில்லாவிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த நம்ம ஊர்க்காரன் கதை?

1856 ஜூலையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. ராயபுரத்திலிருந்து எதுவரை தெரியுமா? ஆற்காட்டுக்குப் பக்கத்தில், வாலாஜா ரோடு வரை. அங்கிருந்து பாலாற்றைத் தாண்டினால் ஆற்காடு. அதை ஒட்டியே மேல்விஷாரம். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல், மதராஸ் வழியாக லண்டன் சந்தை வரை போனது. மதராஸில் தோல் வியாபாரத்தின் இருப்பிடம் பெரியமேடு. அங்கே பேரம் பேச வந்தவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வந்தவர்களுக்கும் இந்தப் பட்டணம் விழிக்க வைக்கும் ஊர்தான். வேடிக்கை பார்க்கப் பகல் போதும். பொழுது சாய்ந்தால்?

அந்த மேல்விஷாரத்தில் 1863-ல் பிறந்தவர் சி. அப்துல் ஹக்கீம். தோல் வியாபாரத்தில் பெரும் பணம் சம்பாதித்து, 1938-ல் மறைந்தவர். அவர் கட்டிய கட்டடங்களில் ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே, பெரியமேட்டில் இருக்கிறது. பெயர், சித்திக் சராய். சராய் என்றால் வழிப்போக்கர்கள் தங்கும் சத்திரம். அது அமைந்த இடத்தைப் பாருங்கள்... ரயிலை விட்டு இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்தபடி, ‘பாய், ராத்திரி தங்க இடம் கிடைக்குமா?’ என்று ஒருவன் திகைத்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்!

இதே பட்டணத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான் இருவரும். ஒருவர் பார்த்ததைக் கடிதமாக எழுதினார். அதனால் அந்தக் கால மதராஸ் வீடு எப்படி நடந்தது என்று நமக்குத் தெரிகிறது. இன்னொருவர் கடிதம் எழுதினாரோ என்னவோ, பின்னால் வருகிறவனுக்கு ஒரு கூரை போட்டுவைத்தார்.

எதையும் பார்க்காமலேயே இருந்துவிட்டுப் போன அந்த மாதின் பெயர்கூட நமக்குத் தெரியவில்லை. எனவே, உங்கள் அக்கா மகன் அடுத்த தடவை கேள்வி கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அதற்கு முன்னால், அவனுக்கு ஒரு பாயை விரித்துப் போடுங்கள்!