வாக்காளர் இல்லாத அவை

தமிழக சட்ட மேலவை 1986 நவம்பர் 1 அன்று இல்லாமல் போனது. அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆரின் கோபம்தான் அதற்குக் காரணம் என்று இன்றும் பேசப்படுகிறது. ஒரு நடிகையை எம்.எல்.சி. ஆக்க நினைத்தார், அவர் திவாலானவர் என்ற சிக்கல் குறுக்கே வந்தது, ஆத்திரத்தில் அவையையே ஒழித்துவிட்டார் என்பார்கள். தி.மு.க. தலைவர் கருணாநிதி அப்போது மேலவை உறுப்பினர் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். இவை உடனடிக் காரணங்களாக இருக்கலாம். ஆனால் ஒரு முதல்வரின் கோபத்துக்கே ஓர் அவை போய்விட்டதென்றால், அதைக் காக்க மக்கள் ஏன் தெருவுக்கு வரவில்லை என்று கேட்க வேண்டும்.

விடை அவையின் அமைப்பிலேயே இருக்கிறது. மொத்தம் 63 இடங்கள். அவற்றில் 21 பேரை எம்.எல்.ஏ.க்களும் 21 பேரை உள்ளாட்சி உறுப்பினர்களும் தேர்ந்தெடுத்தார்கள். பட்டதாரிகளுக்கு 6, ஆசிரியர்களுக்கு 6, ஆளுநர் நியமனம் 9. சாதாரண வாக்காளருக்கு இதில் நேரடிப் பங்கே இல்லை. உள்ளாட்சிக்கான மூன்றில் ஒரு பங்கும் ஆட்டம் கண்டிருந்தது. சென்னை மாநகராட்சி 1973இல் கலைக்கப்பட்ட பின் 1996 வரை அங்கே தேர்தலே நடக்கவில்லை. கவுன்சிலரே இல்லாத ஊரிலிருந்து மேலவைக்கு வாக்களிப்பது யார்? அரசியல் சட்டமும் இந்த அவைக்குக் கைகொடுக்கவில்லை. மேலவையை ஒழிக்கப் பேரவைத் தீர்மானமும் நாடாளுமன்றச் சட்டமும் போதும். மேலவையின் சம்மதத்தை யாரும் கேட்க வேண்டியதில்லை.

கொல்லைப்புற வாசல் என்ற பழியும் பழையதுதான். 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. அப்போது ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்தார், ராஜாஜி முதல்வரானார். இதை எதிர்த்து கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை. சட்டப்படி அது செல்லும்தான். ஆனால் வாக்குப் பெட்டியைத் தாண்டாமல் கோட்டைக்குப் போக ஒரு வழி உண்டு என்று மக்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

தேர்தல் களத்தில் இறங்காத அறிஞர்களுக்கு இடம் தந்த அவை அல்லவா என்பார்கள். உண்மைதான். நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார் அங்கே பேசினார். மேலவையின் கடைசித் தலைவராக இருந்தவர் தமிழறிஞர் ம.பொ.சிவஞானம். அவசரமாக வரும் மசோதாக்களை ஆறப்போட ஓர் இடம் வேண்டாமா என்றும் கேட்பார்கள். ஆனால் அந்த அவை பண மசோதாவை 14 நாளும், மற்ற மசோதாக்களை ஏறக்குறைய நான்கு மாதமும் மட்டுமே தாமதப்படுத்த முடியும். அறிஞரின் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. அவர் வாக்குக்குப் பேரவையைத் தடுக்கும் வலிமை இல்லை.

2010இல் மேலவையை மீட்கத் தீர்மானமும் சட்டமும் நிறைவேறின. 2011இல் ஆட்சி மாறியதும் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அப்போதும் தெருவில் சலசலப்பு இல்லை. மேலவை வேண்டும் என்பவர்கள் முதலில் உள்ளாட்சித் தேர்தல்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடத்திக் காட்டட்டும். அடித்தளத்தைப் போடாமல் மாடி எழுப்பினால், அடுத்த ஆட்சி அதை இடிக்க ஒரு தீர்மானம் போதும்.