பள்ளித் தலைமையும் செயலாராய்ச்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

மாணவர் கற்றலில் தென்படும் குறையொன்றை, அப்பள்ளியில் பணிபுரிவோரே ஆராய்ந்து, தீர்வொன்றைச் செயற்படுத்தி, அதன் விளைவைச் சான்றுகளால் சோதித்து, மீண்டும் திருத்திக்கொள்ளும் முறை செயலாராய்ச்சி எனப்படும். இது பெரிதும் ஆசிரியருக்குரியதாகவே பேசப்படுகிறது. ஆயினும் ஆய்வுக்குரிய கேள்வியை எழுப்பும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே இம்முறையின் ஏற்ற இறக்கங்களைப் பெரிதும் விளக்குகிறது. அவ்வுரிமை பள்ளிக்குள் நிலைப்பதும் பறிபோவதும் தலைமையாசிரியரைப் பொறுத்தே அமைகின்றன.

1933இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உளவியலாளர் கர்ட் லெவின், சிறுபான்மையினர் சிக்கல்களைப் பற்றி 1946இல் வெளியிட்ட கட்டுரையில், திட்டமிடல், செயல், விளைவறிதல் ஆகியவை சுற்றுச்சுற்றாகத் தொடரும் ஆய்வுமுறையை விளக்கினார். அதனைப் பள்ளிக்குள் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீபன் கோரி. ஆசிரியரோடு பள்ளி நிர்வாகிகளும் தத்தம் முடிவுகளைத் தாமே ஆராய வேண்டும் என 1953இல் வெளிவந்த அவரது நூல் வலியுறுத்தியது. ஆனால் ஆய்வகப் புள்ளியியலின் அளவுகோலால் அளந்த விமர்சகர்கள் இதனைத் தரம் குறைந்ததெனக் கருதினர். 1957இல் சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டபின் வல்லுநர் வகுக்கும் பாடத்திட்டங்களுக்கே நிதி குவிந்ததால், பள்ளி மீண்டும் பிறர் முடிவை நிறைவேற்றும் இடமாயிற்று.

செயலாராய்ச்சியின் மறுமலர்ச்சி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. கட்டாயக் கல்வி வயது 16ஆக உயர்த்தப்படவிருந்த சூழலில், கல்வியியலாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1967இல் தொடங்கிய மானுடப் பண்பியல் பாடத்திட்டப் பணி, போர், இனம், குடும்பம் போன்ற பொருள்களைப் பற்றிய உரையாடலில் ஆசிரியர் நடுநிலைத் தலைவராக மட்டுமே இருக்க வேண்டும் என்றது. ஆசிரியரின் சொல்லே முடிவு என்றிருந்த பள்ளிகளுக்கு இது எளிதில் செரிக்கக்கூடியதன்று. அப்பணியை மதிப்பிட்ட பாரி மெக்டொனால்ட், ஒரே திட்டம் பள்ளிக்குப் பள்ளி வேறுபட்ட வடிவம் கொண்டதைக் கண்டார். 1973 முதல் 1975 வரை ஜான் எலியட்டும் கிளெம் அடெல்மனும் நடத்திய ஃபோர்டு கற்பித்தல் பணி, ஆசிரியர், மாணவர், பார்வையாளர் ஆகிய மூவரின் கூற்றுகளை ஒப்பிடும் முக்கோணச் சரிபார்ப்பைப் பயன்படுத்தியது. ‘எல்லோருக்கும் சம்மதம்தானே?’ என்ற ஆசிரியரின் இயல்பான கேள்வியே மாற்றுக் கருத்தை அடக்கிவிடக்கூடும் என்பது அப்பணியில் உருவான கருதுகோள்களுள் ஒன்று. ஆசிரியர் கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்கும் தலைமையாசிரியருக்கும் அது பொருந்தும்.

1990களில் அமெரிக்காவின் எமிலி கல்ஹூன், ஆசிரியர் அனைவரும் ஒரே கற்றல் சிக்கலைத் தேர்ந்து, பள்ளித் தரவுகளைத் திரட்டி, கூடி ஆராயும் பள்ளியளவிலான செயலாராய்ச்சியை வகுத்தார். இங்குத் தலைமையாசிரியரின் பணி, கால அட்டவணையில் கூடிப் பேச நேரம் ஒதுக்குவதும், எதிர்பாராத முடிவு வந்தால் ஆசிரியரைப் பழிக்காதிருப்பதும் ஆகும். பின்னது தவறினால் திரட்டப்படும் தரவு பொய்யாகிவிடும்.

இந்தியாவில் 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் வழி உருவான மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுக்குச் செயலாராய்ச்சி கடமையாக வகுக்கப்பட்டது. அமைப்பளவில் இது பெரிய ஏற்பு. எனினும் தலைப்பு மேலிடத்திலிருந்து வந்து, அறிக்கையும் மேலிடத்துக்கே செல்லுமாயின், லெவின் கருதிய அடுத்த சுற்று தொடங்குவதேயில்லை. அத்தகைய அறிக்கையைச் செயலாராய்ச்சி என்று அழைப்பது பொருந்தாது.