பனிச்சறுக்குப் பலகை பதப்படுத்தல்

புதிய பனிச்சறுக்குப் பலகையை முதன்முறை பனியில் இறக்குமுன் செய்யும் மெழுகேற்றம், விளிம்புத் தீட்டல், பிணைப்பி அமைப்பு ஆகிய வேலைகள். இந்தியாவில் பனிச்சறுக்கு விளையாட்டின் முக்கியத் தளங்கள் காஷ்மீரின் குல்மார்க், உத்தரகாண்டின் அவுலி. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மாபெரும் ஸ்லாலம் பிரிவில் 45ஆவதாக வந்த ஆரிஃப் கான் குல்மார்க் பகுதிக்காரர்.

பலகையின் அடிப்பாகம் பாலிஎத்திலீன். நுண்துளைகள் கொண்ட உயர்ரக அடிப்பாகம் மெழுகை உறிஞ்சும். ஆலையில் பூசி அனுப்பும் மெழுகு பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். வீடுகளில் புது இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் காட்டிப் பழக்குவதைப் போல இதற்கும் பலமுறை மெழுகேற்ற வேண்டும். மெழுகுக் கட்டியை இஸ்திரிப்பெட்டியில் வைத்து உருக்கிச் சொட்டவிட்டு, பெட்டியை நிறுத்தாமல் நகர்த்தித் தேய்ப்பார்கள். ஓரிடத்தில் நின்றால் அடிப்பாகம் கருகிவிடும். நன்றாக ஆறியபின் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, தூரிகையால் துலக்க வேண்டும். சுரண்டாமல் விட்ட மெழுகு வேகத்தைக் கெடுக்கும்; புதியவர்கள் சோம்பல்படுவது இங்கேதான். மெழுகைப் பனியின் வெப்பநிலை பார்த்துத் தேர்வார்கள்: கடுங்குளிருக்குக் கடினமானது, ஈரப்பனிக்கு மென்மையானது.

எஃகு விளிம்பில் விரலால் தடவினால் தட்டுப்படும் பிசிறை வைரக்கல்லால் நீக்குவர். அடிப்பக்கம் சுமார் 1 பாகை, பக்கவாட்டில் 2 பாகை சாய்த்து அரத்தால் தீட்டுவது பரவலான வழக்கம்.

விழும்போது காலணியை விடுவிக்கும் பிணைப்பியின் இறுக்க அளவு எடை, உயரம், வயது, காலணி அடிநீளம், திறன் ஆகியவற்றைப் பொறுத்தது. மெழுகை வீட்டில் ஏற்றலாம். ஆனால் பிணைப்பி அமைப்பைப் பயிற்சிபெற்ற பணியாளரிடமே விடவேண்டும்.