தாமதமும் ஒரு தேர்வுமுறை: நீலகிரியிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்தல்

2025 ஏப்ரல் 25, 26 நாள்களில் உதகை ராஜ்பவனில் ஆளுநர் கூட்டிய துணைவேந்தர்கள் மாநாட்டுக்கு மாநிலப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களில் பெரும்பாலோர் வரவில்லை. துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கா, அரசுக்கா என்ற வழக்கின் சூடு ஆறாத நேரம் அது. நீலகிரியின் கலைக் கல்லூரிகள் இணைவு பெற்றுள்ள கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலிருந்தே துணைவேந்தர் நாற்காலி காலியாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் பல்கலைக்கழக ஆசிரியர் தேர்வுக் குழுவின் தலைமையைத் துணைவேந்தரிடமோ அவர் நியமிப்பவரிடமோ ஒப்படைக்கின்றன. ஆகவே மேலே நடக்கும் வழக்கு, கீழே விண்ணப்பம் எழுதுபவரையும் கட்டிப்போடுகிறது. பொதுவிவாதம் இத்தோடு நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது.

நீலகிரிப் பட்டதாரிக்கு அருகில் உள்ள வாசல் அரசுக் கல்லூரி. 1955இல் தொடங்கிய உதகை அரசு கலைக் கல்லூரி அவற்றில் மூத்தது. அங்கே ஆளெடுப்பது ஆசிரியர் தேர்வு வாரியம்; துணைவேந்தருக்கு அதில் பங்கில்லை. அப்படியிருந்தும் ஆண்டுகள் ஓடுகின்றன. 2019ஆம் ஆண்டு அறிவிக்கை கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு ஓர் அறிவிக்கை; 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு இன்னொன்று. இந்தத் தாமதமும் ஒரு தேர்வுமுறைதான் என்பது என் வாதம். எந்த அறிவிக்கையிலும் எழுதப்படாத அந்த முறையில், காத்திருக்க வசதி உள்ளவரே தேறுகிறார்.

2019 அறிவிக்கைப்படி மொத்தம் 34 மதிப்பெண்: கற்பித்தல் அனுபவத்துக்கு 15, கல்வித் தகுதிக்கு 9, நேர்காணலுக்கு 10. ஆண்டுக்கு இரண்டு வீதம் ஏழரை ஆண்டு பாடம் நடத்தியவருக்கே முழு 15. தனியார் கல்லூரி அனுபவச் சான்றில் மண்டல இணை இயக்குநரின் மேலொப்பம் வேண்டியிருந்தது. குன்னூர்க்காரர் அதற்காகக் கோவைக்கு மலையிறங்க வேண்டியிருந்தது. பிறகு எழுத்துத் தேர்வு வந்தது. போலி அனுபவச் சான்றுக்கு அதில் இடமில்லை என்பவர்களோடு உடன்படுகிறேன். ஆனால் நாள் தெரியாத தேர்வுக்கு எத்தனை ஆண்டு படிப்பது?

காத்திருக்க வசதி இல்லாதவர் யார்? 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களே பின்னாளில் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆயின. பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன் வீடுகளில் வளர்ந்த, அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டம், முதுகலை என்று படித்திருக்கிறார்கள். லயன் வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அந்த விண்ணப்பதாரரின் உண்மையான கடைசித் தேதி அதுதான். அறிவிக்கையோ 57 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்கிறது. காத்திருப்பதற்குச் செலவே இல்லை என்ற எண்ணம் இந்தத் தாராளத்துக்குள் இருக்கிறது. இடையில் கிடைப்பது கௌரவ விரிவுரையாளர் பணி: ஆண்டுக்குப் பதினோரு மாத ஊதியம், மே மாதம் ஒன்றுமில்லை. மானியக் குழு 2019 ஜனவரியில் மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. 2024இல் தமிழக அரசுக் கல்லூரிகள் தந்தது அதில் பாதி. இதைச் சிக்கனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நிரந்தர ஆசிரியர் செய்யும் வேலையை, நிரந்தரமாவோம் என்ற நம்பிக்கையைக் காட்டிக் குறைந்த கூலிக்கு வாங்குவது இது.

வாரியம் ஆண்டுதோறும் தேர்வு நாட்காட்டி வெளியிடுகிறது. அதற்குச் சட்ட வலு தர வேண்டும். நாட்காட்டியின் தேதி தவறினால், காலியிடத்தில் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு மே மாதம் உட்பட உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமான 57,700 ரூபாய் தரும் கடப்பாடு அரசுக்கு வர வேண்டும். நிதித்துறை இதை எதிர்க்கும். கடப்பாடு சட்டமாகிவிட்டால், தேர்வை விரைந்து முடிக்கச் சொல்லிக் கோப்பு அனுப்பப்போவதும் அதே நிதித்துறைதான்.